குரங்கு கேட்ட மணி

எங்கள் வீட்டில் சாமிக்கு மணி அடிப்பதை நிறுத்தி வைத்திருந்த வருஷம் அது. பக்தி குறைந்துவிடவில்லை. எல்லாம் சித்தப்பா செய்த வேலை.

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்கு வந்து எங்களோடு தங்கியவர் அவர். கையும் காலும் சும்மா இருக்காது. வீடு மலையடிவாரத்தில் இருந்ததால் குரங்குத் தொல்லைக்குக் குறைவில்லை. மாடியில் வடகம் காயவைத்தால் எங்களுக்கு மிஞ்சுவது விரித்த துணிதான். சித்தப்பா பூஜை மணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். மணியடித்துக் கிணற்றடியில் வேர்க்கடலை இறைத்தார். மணியடிக்காதபோது மாடியில் இறங்கிய குரங்குகள்மேல் மண்ணாங்கட்டி வீசினார். அம்மா மட்டும் “ஆஞ்சநேயா, மன்னிச்சிடுப்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் வடகம் தப்பியது. ஆனால் அம்மா வெள்ளிக்கிழமை தீபாராதனைக்கு மணியடித்ததும் கூட்டம் முழுக்க முற்றத்தில் குதித்து, நைவேத்தியத்தைச் சாமி பார்ப்பதற்குள் முடித்துவிட்டது. அன்றிலிருந்து மணியின் நாக்கைத் துணியால் சுற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டோம்.

“தின்னக் குடு, இல்லாட்டி ஒதை குடு. இந்த ரெண்டுல பழகாத உயிரே கெடையாது” என்பார் சித்தப்பா. எங்களையும் அப்படித்தான் பழக்கினார். வாய்ப்பாடு ஒப்பித்தால் வெல்லக்கட்டி, தடுமாறினால் குட்டு. இன்றைக்கும் பெருக்கல் கணக்குப் போடும்போது என் நாக்கில் இனிக்கும்.

அக்காவுக்கு மணவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அக்காவுக்கு அப்போதுதான் தாவணி போட்டிருந்தார்கள். “எனக்கு வேணாம் நைனா” என்றாள். நைனா அறைந்தார். மறுநாள் அவள் பேசாமல் தலைகுனிந்து சாப்பிட்டபோது அம்மா ஆசையாகத் தலையில் கதம்பம் வைத்துவிட்டாள். “பாத்தியா, பழகிட்டா” என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு அக்கா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யுத்த காலம், சர்க்கரை கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மா எப்படியோ சேர்த்துவைத்து லட்டு பிடித்திருந்தாள். வந்தவர்கள் சாப்பிடும்வரை தொடக்கூடாது என்று உத்தரவு. நான் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக அலைந்தேன், கதவில் தொங்கினேன், நகத்தைக் கடித்தேன். கூப்பிடும்வரை இருக்கச் சொல்லி அக்காவைப் பூஜை அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, “மொதல்ல பொண்ணக் கூப்டுங்க” என்று ஆரம்பித்தாள். அப்போது மணி அடித்தது. விட்டுவிட்டு இல்லை, கணகணவென்று.

பூஜை அறைக் கதவு சாத்திக்கொள்வதற்கும் முற்றத்தில் குரங்குகள் குதிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒன்று தாம்பூலத் தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பை உருவியது. ஒன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நைனா முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பா தடியைத் தூக்கினார்.

“ஐயோ, அடிக்காதீங்க!” மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கைகூப்பினாள். “கண்ணாலப் பேச்சு எடுக்கச்சொல்லோ மணி அடிக்குது, ஆஞ்சநேயரே எறங்கி வந்துகினுகீறாரு. இதுக்கு மேல இன்னா வேணும்? பொண்ணப் பாக்கவே வேணாம். இவதான் என் மருமவ.”

“அவரு பிரம்மச்சாரியாச்சே, கண்ணாலத்துக்கு எதுக்கு வராரு?” என்றார் மாப்பிள்ளையின் மாமா. அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் அவர் வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார். ஆவணியில் முகூர்த்தம் என்று அங்கேயே முடிவானது.

அவர்கள் போனதும் மணியை அடித்தது யார் என்று விசாரணை. அக்காவை யாரும் நினைக்கவில்லை, அவள்தான் பழகிவிட்டாளே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குட்டுக்குத் தலையைக் குனிந்தேன். நைனா என்னைத் தூக்கிக்கொண்டார். அம்மா என் வாயில் லட்டை வைத்தாள்.

“நான் அடிக்கல” என்றேன் வாய் நிறைய.

“பயந்துகினு சொல்லுது பாரு” என்று சிரித்துக்கொண்டே சித்தப்பா இன்னொரு லட்டைக் கையில் கொடுத்தார். அதற்குப்பின் நான் மறுக்கவில்லை.

அதில் பாதியைத் தின்றுவிட்டு மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்கு ஓடினேன். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கையில் மணி நாக்கைச் சுற்றியிருந்த துணி இருந்தது.

“போயிட்டாங்களாடி? கோச்சிகினு போயிட்டாங்களா?”

“ஆங், போயிட்டாங்க. கோச்சிக்கல. சாமியே வந்துட்டாருன்னு கும்புட்டாங்க. ஆவணில ஒனக்குக் கண்ணாலம்!”

கையை விட்டாள். நான் நீட்டிய லட்டைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எச்சில் பண்ணிய பாதியைக் கொடுத்ததில்தான் அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். முழு லட்டாக ஒன்று வாங்கிவர அம்மாவிடம் ஓடினேன்.