கோழிப்பண்ணை கேட்டில் ஒரு செக்-இன்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. இன்னொரு பண்ணைக்குள் கால் வைத்தவர் அன்றைக்கு நம் கொட்டகைக்குள் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சீக்கு செருப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சம்பந்தியானாலும் கேட்டோடு சரி.

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், கோழி மருந்து விற்கிறார். டீ குடித்தாலும், பஞ்சர் ஒட்டினாலும், இந்த இடத்தில் இருக்கிறேன் என்று போனில் செக்-இன் போட்டுவிடுவார். "அவன் வந்து சேர்றதுக்கு முந்தி அவன் போன் வந்து சேந்துரும்" என்பாள் அவர் அக்கா. அதிலும் நன்மை இல்லாமல் இல்லை. ஒருமுறை சங்ககிரி தாண்டி மழையில் வண்டி நின்றுபோனபோது, அவர் போட்டதைப் பார்த்துத்தான் மெக்கானிக்கை அனுப்பினேன்.

போன ஐப்பசியில், நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாய்ச் சாகின்றன என்று பேச்சு கிளம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். கேட்டிலேயே நிறுத்தினேன்.

"மாப்ளே, காலைல எந்தப் பண்ணைக்காச்சும் போனீங்களா?"

"இல்லீங்க மாமா. இன்னைக்கு லீவுங்க."

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. என் போனை எடுத்து, காலையில் அவர் போட்ட செக்-இன்னைப் பார்த்தேன். கையில் டீ, முகத்தில் சிரிப்பு, மேலே அதே பண்ணையின் பெயர்.

"அது எதுத்தாப்பல டீக்கடைங்க. கடைக்கு அதுல பேரில்ல. கிட்டத்துல இருந்த பேரைக் காட்டுச்சு, தட்டி உட்டேன்."

இருக்கலாம். போய்விட்டு வந்தவரும் இதைத்தானே சொல்வார்?

"ஏனுங்க, எந்தம்பியத் திருடனாட்டம் வெளிய நிக்க வெக்கறீங்க" என்றாள் மனைவி.

"திருடன்னா உள்ள உட்ருப்பன். ரெண்டு கோழியோட போயிருவான்."

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அங்கேயே இலை வைத்தோம். மாப்பிள்ளை சாப்பிடுவதற்கு முன் இலையைப் படம் பிடித்து, என் பண்ணையின் பெயரோடு, "இன்னைக்குச் சோறு கேட்டுக்கு வெளியே" என்று போட்டிருக்கிறார். அவருக்கு அது குத்தல். பார்த்தவர்களுக்கு அது சேதி.

சாயங்காலமே முட்டை வியாபாரி கூப்பிட்டார்.

"ஏனுங்க, சொந்த மச்சானையே உள்ள உடலையாமா. பண்ணைல சீக்குங்களா?"

"கோழியெல்லாம் நல்லாருக்குதுங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

மறுநாள் வண்டி வரவில்லை. முட்டை அட்டைகள் ஆளுயரத்துக்கு நின்றன. மாப்பிள்ளை பதறிப்போய், போட்ட படத்தை எடுத்துவிட்டார். அதைப் பார்த்தவர்களின் சந்தேகத்தை யார் எடுப்பது? கடைசியில் நானே கூண்டுகளுக்கு நடுவே நின்று படம் பிடித்து, வாழ்க்கையில் முதல் செக்-இன் போட்டேன். வியாபாரி உடனே கூப்பிட்டார்.

"படம் இன்னைக்கு எடுத்ததுதானுங்களே?"

கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீக்கடையா, பண்ணையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவழியாக முட்டை வண்டி வந்து நின்றபோது, வழியில் எந்தப் பண்ணைக்காவது போனாரா என்று டிரைவரைக் கேட்டேன்.

"எங்கியும் இல்லீங்க சாமி" என்றார்.

அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.