பம்பாய்க்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய்க்கு ஆகாய வழியில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு அறுபதுக்குச் சற்று மேல். டாக்சிக்கும் அதே ஒன்றே முக்கால் மணி நேரம். இந்த இரண்டாவது கணக்கை என் அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தங்கை மகளுக்குப் பம்பாயில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு முகூர்த்தம். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அண்ணனுக்கு முழங்கால் வாதம், எழுந்து நடப்பதே பாடு. மாமனாக நிற்க நான் ஒருவன்தான். மனைவியும் பிள்ளைகளும் ரயிலில் முன்பே போய்விட்டார்கள். அமாவாசையன்று நெசவாளர் தறியில் உட்காராததால் கூறைப்புடவை ஒரு நாள் தாமதமாயிற்று. அதற்காக நான் தங்கினேன். தங்கை வீட்டுக்காரர் விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். வியாழன் மாலை நாலே முக்காலுக்கு விமானம். டாக்சிக்காரர் மதியம் ஒன்றரைக்குத்தான் வர முடியும் என்றார். அதுவே போதும்.

அண்ணன் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

“ஒன்றரைலேர்ந்து மூணு ராகுகாலம்டா.”

“மூணுக்குக் கிளம்பினா பிளேன் போயிடும் அண்ணே.”

“ஒன்றே முக்கா மணி நேரத்துக்கு இன்னாடா இந்தப் பறப்பு? சரி, காலைலயே பரஸ்தானம் வெச்சுடு.”

நல்ல நேரத்தில் பயணப் பையை அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். பையை மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டில் வைத்தேன். புடவை, டிக்கெட் எல்லாம் அதற்குள்.

ஒன்றரைக்கு டாக்சி வந்தது. எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. எல்லோரும் திருப்புட்குழிக்கு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். பூட்டை உடைக்கக் கல்லை எடுத்தேன். அண்ணன் வாசலில் நின்று கத்தினார்.

“நல்ல நாளும் அதுவுமா அடுத்தவன் பூட்டை உடைப்பியா? வெய்டா கீழே!”

வைத்தேன். அதற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூன்றே காலுக்கு எதிர்வீட்டுக்காரர் சாவகாசமாக வந்தார்.

“இன்னாபா, இப்பவே கிளம்புறியா? மூணுக்கு மேலதான் போவான், மெதுவா வாங்கன்னு உங்க அண்ணன்தானே சொன்னாரு?”

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் உள்ளே போய்விட்டிருந்தார்.

மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மணி ஐந்து ஐந்து. விமானம் போய்விட்டது. அடுத்தது மறுநாள் மதியம் என்றார்கள். தந்தி கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். அண்ணன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“விடுபா. கல்யாணம் நின்னா போயிடும்? மாமன் எடத்துல எவனாவது ஒருத்தன் நிப்பான்.”

“எவன் நிப்பான்? சொல்லு, எவன்?”

அண்ணனிடம் அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை. தெருவே எட்டிப் பார்த்தது.

கூறைக்குப் பம்பாயிலேயே வேறொரு புடவை வாங்கிக்கொண்டார்கள். பட்டம் கட்டியவர் தங்கை வீட்டுக்காரரின் அலுவலகத் தோழர். கல்யாணப் படத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தை அண்ணன் கூடத்தில் மாட்டினார். கழற்றினேன். மறுபடியும் மாட்டினார். மூன்றாவது முறை ஆணியையும் சேர்த்துப் பிடுங்கினேன்.