மார்கழியில் அளந்த நினைவகம்

ஆறு முகம் கொண்டும் அடியவர் ஒவ்வொருவருக்கும் தனி முகம் காட்டும் பழனிக் குமரா, எழுத அமர்ந்த இந்தக் கைக்கு நேர்மையைத் தந்தருள்.

தைப்பூச நன்னாளாகிய இன்று காலை, பூசை முடித்துக் கைப்பேசியை எடுத்தேன். நெடுநாளாக நான் திறக்காத செயலி ஒன்றை உறங்க வைத்துவிட்டதாக அது அறிவித்தது. எதுவென்று பார்த்தால், என் மகள் ஏற்றித் தந்த பதிகச் செயலி! பாடல்கள் மனப்பாடமாக இருக்கையில் அது எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆயினும் உறுத்தியது. தொடாத பொருளைக் கண்டறிந்து அப்புறப்படுத்தும் வித்தை எனக்குப் பழகியது, நண்பரே. அந்த வித்தையால் ஒரு தை மாத விடியல் பாழானது.

அப்போது நான் வெளியூரில் கணினித் தொழில் செய்து ஓய்வு பெற்று, நாகல் நகரில் குடியேறிய புதிது. சும்மா இருக்கத் தெரியாதவன் ஆகையால், பூ மார்க்கெட்டில் செல்வம் என்பவர் நடத்திய கமிஷன் கடைக் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். ஈரச்சாக்கும் மரிக்கொழுந்தும் கலந்து மணக்கும் அந்த இடத்தில் நின்றாலே நாவில் பதிகம் ஊறும். கணினிதான் ஊர்ந்தது. "சார், இது பில்லு அடிக்கிறதுக்குள்ள பூவு காயாயி, காயி பழமாயிரும் போல" என்பார் செல்வம். நினைவகம் போதவில்லை என்பதே நோய்.

கணினியின் நினைவகம் சின்னஞ்சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும். அந்த அறையைப் பக்கம் என்பது எங்கள் தொழில் வழக்கு. கர்னல் எனப்படும் உட்கரு, நிரல்களுக்கு அவற்றைப் பங்கிட்டுத் தரும். வாங்கிய பக்கத்தை நிரல் உண்மையில் தொடுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வாசலிலும் கோலமாவை லேசாகத் தூவி வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எவரேனும் உள்ளே போனால் மாவு கலையும். பல நாள் கழித்தும் மாவு கலையாத வாசல் எதுவோ, அந்த அறையில் புழக்கம் இல்லை. கர்னலும் அவ்வாறே பக்கந்தோறும் ஒரு குறி இடும். தொட்டால் குறி அழியும்.

இப்படி அளப்பதற்கு நான் தேர்ந்த மாதம் மார்கழி. கல்யாணம் இல்லை, கோயில்களுக்குப் போகும் பூ மட்டுந்தான், கடை ஓய்ந்திருக்கும். விடியற்காலப் பஜனைக்கும் தடையின்றிப் போய்வரலாம் என்ற பக்திச் சுயநலமும் சேர்ந்துகொண்டது. மாத முடிவில் பார்த்தால், முகூர்த்த ஆர்டர்களைக் காக்கும் நிரலின் வாசல்களில் மாவு அப்படியே கிடந்தது. யாருடைய சம்பங்கி எந்த ஊர்க் கல்யாணத்துக்கு, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்ல வேண்டிய நிரல் அது. அதன் பக்கங்களை மெதுவான சேமிப்பு வட்டுக்குத் தள்ளிவிட்டு, காலியான இடத்தில் கடைக் கேமராவின் பதிவைக் குடியேற்றினேன். கணினி துள்ளி ஓடியது. பஞ்சாங்கம் பார்க்காமல் படி இறங்காத எனக்கு, கல்யாணமில்லாத மாதத்தில் கல்யாணக் கணக்கு உறங்கத்தானே செய்யும் என்று தோன்றவே இல்லை.

தை பிறந்து முதல் முகூர்த்தம் வந்தது. கன்னிவாடியிலிருந்து பாண்டியம்மாள் சம்பங்கி மூட்டைகளோடு வந்து இறங்கினார். அவர் கிணற்று மோட்டார் கருகிப் பட்டறையில் கிடந்தது. அன்றைய பூ விற்றால்தான் அது வீடு திரும்பும். தண்ணீர் பாயாவிட்டால் தோட்டம் நிற்காது. எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்ற சீட்டை அடிக்கச் செல்வம் ஆர்டரைத் திறந்தார். உறங்கிய பக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கேட்டன. இடம் இல்லை. ஒன்றைக் கொணர மற்றொன்றைத் தள்ளி, தள்ளியதையே மறுபடி கொணர்ந்து, கணினி திணறித் திரை உறைந்தது.

"ஏலே செல்வம், சீட்டுக் குடுப்பியா மாட்டியா? கோயம்புத்தூரு பஸ்ஸு எனக்காக நிக்குமாக்கும்?"

"செத்த நேரம் பொறுங்கக்கா, இந்தா வந்துரும்."

"செத்த நேரம், செத்த நேரம்னே பூவு செத்துப்போகும்ல!"

கேமராப் பதிவை நிறுத்தி, ஆர்டரை மீட்டுத் தருவதற்குள் பஸ் போய்விட்டது. உள்ளூர் மாலை கட்டுவோர் அதற்குள் வேறு கடைகளில் வாங்கி முடித்திருந்தார்கள். வெயில் ஏற ஏற மொட்டுகள் வாய் திறந்தன. நான் பாண்டியம்மாளிடம் போய், "தப்பு என்னோடதும்மா. மார்கழி பூரா யாரும் தொடலையேன்னு உங்க ஆர்டர நான்தான் ஒதுக்கிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மார்கழியில எவன்யா கல்யாணம் வைப்பான்? எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கே தெரியுமே!" என்று சிரித்தேவிட்டார். மோட்டாரை நான் மீட்டுத் தருகிறேன் என்றதற்கு மட்டும் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வேணாம் அய்யா. பூவு குடுக்குற காச வாங்கிக்கிருவேன், நீங்க குடுத்தா வாங்க மாட்டேன்." பின்பு விரிந்த பூவை இரு கையாலும் அள்ளி என் பையில் திணித்தார். "மாலை கட்டுறவனுக்குத்தான் இது ஆகாது. சாமி வேணாம்னா சொல்லும்? கொண்டுபோயிப் போட்டு நல்லாப் பாடுங்க."

அன்று மாலை என் வீட்டுக் குமரன் அத்தனை அழகாக இருந்தான். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் அலங்காரம் வாய்த்ததில்லை. முதல் அடியைத் தொடங்கினேன், குரல் எழவில்லை. அவன் கழுத்தில் கிடந்தது என் பிழையின் விளைச்சல் அல்லவா? விளக்கைத் தூண்டிவிட்டு, பாடாமலே எழுந்துவிட்டேன்.

கோடையில் ஒருநாள் கன்னிவாடிப் பக்கம் போக நேர்ந்தது. சம்பங்கி நின்ற இடத்தில் மானாவாரிச் சோளத்தின் காய்ந்த தட்டை நின்றது. வரப்பிலிருந்து பாண்டியம்மாள் கை வீசிக் கூப்பிட்டார்.

"என்ன அய்யா, அன்னைக்குப் பாட்டு நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சும்மா" என்றேன்.

"அம்புட்டுதான் வேணும். போயிட்டு வாங்க."

மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்காமலே திரும்பினேன். செல்வத்தின் கடையில் இப்போது கணினியே இல்லை. ஆர்டர்கள் எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. பாண்டியம்மாள் பிறகு மார்க்கெட் பக்கம் வரவில்லை. நானும் அவ்வூர்ப் பக்கம் போகவில்லை. அந்தத் தோட்டத்துச் சம்பங்கி இனி எந்தக் கழுத்திலும் விழாது.

இதைப் படித்த அனைவரும், அமைதியாகக் காத்திருப்பதை வெறுமை என்று எண்ணாத கண்ணும், கோடையிலும் ஊறும் கிணறும் பெற்று, குமரன் அருளால் நீடு வாழ்க.