நாய்க்குத் தெரியாத தமிழ்

காலை ஐந்து நாற்பத்தெட்டு. முதலில் கண்ணில் பட்டது என் கையிலிருந்து தொங்கிய சங்கிலி. அதன் கொக்கி திறந்திருந்தது. நாய் இல்லை.

பிறகுதான் நாயைப் பார்த்தேன். உப்பளத்து வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இரு பக்கப் பாத்தி நீரிலும் விடியும் வானம் கிடந்ததால், அது தரையில் ஓடுவதாகவே தோன்றவில்லை. இளஞ்சிவப்பின் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி ஓசையில்லாமல் சிறிதாகிக்கொண்டே போனது. அதற்கு முன்னால் நாலைந்து நாரைகள் எழும்பின. அவற்றுக்கும் அப்பால் துறைமுகச் சாலை. கண்டெய்னர் லாரிகள் விளக்கை அணைக்காமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

என் மனைவி கத்தினாள்: "ஏலே, நில்லுலே! அங்கன போவாத! இங்கன வாலே!"

நானும் அதையே கத்தினேன். நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். இன்னும் வேகமாக ஓடியது.

ஒரு லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அதில் மிரண்ட நாய் சாலைச் சரிவில் உருண்டு இறங்கி, உப்புக் குவியலை மூடியிருந்த ஓலைக்குள் புகுந்துகொண்டது. நான் போய்த் தூக்கியபோது அதன் நெஞ்சு என் மணிக்கட்டில் அடித்தது. ஐந்து ஐம்பத்தொன்று. இருபது ஆண்டுகள் செய்தி அறையில் இருந்தவனுக்கு, எது நடந்தாலும் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.

விடியுமுன்பே உப்பு வார வந்திருந்த பெண் ஒருவர், பலகையை ஊன்றி நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். தினமும் எங்களைப் பார்ப்பவர். என் மனைவியிடம் சொன்னார்:

"டீச்சர், தெனமும் அதுகிட்ட சிட்டு, கம்முன்னு இங்கிலீசுலதான பேசுதிய? இன்னைக்கு மட்டும் தமிழ்ல கத்துனா அது என்னத்தக் கண்டுது, பாவம்!"

அவர் சொன்னது சரி. என் மனைவிக்குப் பிறந்த வீடு நாசரேத்தில். வீடு நிறைய ஆசிரியர்கள். அங்கே பிள்ளைகளிடம் தமிழ், பசுவிடம் தமிழ், ஜெபத்தில் தமிழ். நாயிடம் மட்டும் ஆங்கிலம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு நாயும் அப்படியே வளர்ந்தது. கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, அது எல்லாச் சொல்லுக்கும் பணிந்தது. ஆனால் ஆங்கிலம் பேச எங்களுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். பதறினால் வாயில் வருவது வேறு.

அன்று மாலை அவள் முடிவைச் சொன்னாள். "சாத்தான்குளத்துல தம்பி தோட்டத்துல விட்டுருவோம். சுத்தி வேலி இருக்கு. லாரிக்கடியில இது கெடக்கத என்னால பாக்க முடியாது."

அவள் தம்பி அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு வருவதாகச் சொன்னான்.

"அதுவரைக்கும் நான் பழக்கிப் பாக்கேன்" என்றேன்.

"பழக்குங்க. பழகலன்னா குடுத்துரணும்."

மீன்பிடி வள்ளத்தில் கட்டும் நீளக் கயிறு ஒன்று, அவித்த நெத்திலி ஒரு கிண்ணம், 'நில்லுலே', 'வாலே' என்று இரண்டே சொல். இவ்வளவுதான் பாடம். தொடக்கத்தில் அவள் கூசினாள்.

"நாய்ட்டப் போயி தமிழ்ல பேசினா அடுத்த வீட்டுக்காரி என்ன நெனைப்பா?"

"நாய் இங்கிலீசுப் படிப்ப பாதியில நிறுத்திட்டுன்னு நெனைப்பா."

சொல்வது ஒருமுறைதான். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை ஏசக் கூடாது. மூன்றாம் நாள் நானே ஏசிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் கூப்பிட்டால் கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நின்றது. தப்பு யாருடையது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக் குரல் போதாது என்பது பிறகுதான் புரிந்தது. ஆபத்தில் வரும் குரலையும் பழக்க வேண்டும். அதனால் காலை மூட்டத்தில், வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒரு பள்ளி ஆசிரியை அடிவயிற்றிலிருந்து அலறிப் பழகினாள். குரல் நீரின் மேல் போய், எங்கோ மோதி, மெல்லத் திரும்பி வந்தது. கயிறு இழுபடும், தளரும். நெத்திலி வாசம் என் விரல்களைவிட்டுப் போகவேயில்லை. எந்த நாள் எந்த நாளுக்குப் பின் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"டீச்சருக்கு இன்னைக்குத் தொண்ட நல்லாத் தெறந்திருக்கு" என்றார் உப்பு வாரும் பெண்.

மூன்றாம் ஞாயிறு தம்பி வேனில் கம்பிக் கூண்டோடு வந்தான். உப்பளத்துக்கு அவனும் கூட வந்தான். சாலையிலிருந்து வெகு தள்ளி, நடு வரப்பில், என் மனைவியே குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

நாரைகள் எழும்பின. நாய் பாய்ந்தது. ஒரு பாத்தி, இரண்டு பாத்தி. சாலையில் ஹாரன் ஒன்று நீண்டு ஒலித்தது.

"நில்லுலே!"

ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அது நின்றது. கீழே நீரில் இன்னொரு நாயும் அப்படியே நின்றது. நாரைகள் சாலையைக் கடந்து போயின. லாரியும் போனது. அவள் கூப்பிட்டாள். நாய் திரும்பி, வரப்பின் மேல், அவசரமில்லாமல் நடந்து வந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"என்ன அத்தான்," என்றான் தம்பி, "அக்கா கத்துன கத்துல நானும்லா நின்னுட்டேன்!"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் புறப்பட்டான். திரும்பிப் போன கூண்டில் இரண்டு பெட்டி முந்திரி மக்ரூன் இனிப்பு இருந்தது.