பழுக்கவிடாத பலா

நானும் அக்காவும் ஒரே நாளில் பிறந்தவர்கள். மாமனுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை என்று, பால் மறந்ததும் அவளைக் கொல்லங்கோட்டு மலையடியில் இருந்த அவர்கள் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பாலக்காட்டில், பள்ளிக்கூடமும் பூட்டிய கதவுமாக வளர்ந்தேன். அம்மாவுக்குக் காடென்றாலே கிலி.

எட்டு வயதில் ஒரு கோடை விடுமுறைக்குத்தான் முதன்முதலாக அங்கே போனேன். மாமன் தோட்டத்தில் ஒரு பலாவைக்கூட மரத்தில் பழுக்கவிட மாட்டார்கள். காயாகவே வெட்டிக் கறிக்குக் கொஞ்சம், மாட்டுக்குக் கொஞ்சம். மணம் கிளம்பினால் யானை இறங்கிவிடும்.

எனக்கோ பலாப்பழம் என்றால் உயிர். வெட்டிப் போட்டதில் முற்றிய காய் ஒன்றை உருட்டிக்கொண்டு போய், மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தேன். நாலாம் நாள் விடியற்காலை பார்க்கப் போனால் வாசம் மூச்சை அடைத்தது. பின்னாலேயே வந்த அக்கா ஒருமுறை மூக்கை உயர்த்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்புள்ள, என்ன பண்ணி வெச்சிருக்கறே?"

நான் வாய் திறப்பதற்குள் பின்பக்கத்து ஓலைத்தட்டி சரிந்தது. ஈரத் தும்பிக்கை ஒன்று வைக்கோலைத் துழாவியது. பால் கறக்கச் செம்போடு வந்த மாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். "அசையாதீங்க கண்ணுகளா" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. அக்கா நகம் பதிய என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பழம் அகப்பட்டதும் யானை திரும்பிப் போயிற்று. கட்டியிருந்த கன்றின் கால் அதன் மிதியில் ஒடிந்துகிடந்தது.

மாமன் அடிக்கவில்லை. அத்தைதான் அவரிடம், "ஒரே வவுத்துல பொறந்ததுகதானுங்க. ஒண்ணுக்கு மூக்கு, ஒண்ணுக்கு வெறும் நாக்கு" என்றாள். மறுநாளே என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கணவரின் வேலைக்காக ஏலக்காட்டு ஓரத்தில் குடியிருக்கிறோம். மலைக்காற்று அடித்தால் என் மூன்று வயது மகள் படியிறங்கிக் காட்டைப் பார்த்து நடந்துவிடுகிறாள். கதவைத் தாழிடுகிறேன், அதுவும் தப்போ என்று திறக்கிறேன், திரும்பவும் தாழிடுகிறேன். காட்டுப் பக்கமே விடாமல் வளர்க்கிற பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று, போன மாதம் வந்த அக்காவிடம் புலம்பினேன். நானாவது அன்று கொட்டகையில் உன் பிடியில் பயந்து நின்றேனே என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீயா நின்னே? கைய நீட்டீட்டு அதுங்கிட்டயே போனே புள்ள. இழுத்துப் புடிக்க எனக்குப் பலம் பத்துல."

அன்று நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பயம் என்ற ஒரு பேரைத்தான் எட்டு வயதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.