கிளப்பில் குடியிருக்கிறோம்

நான் கல்யாணம் முடித்து ஆலைக் குவாட்டர்ஸுக்கு வந்தபோது, பெண்கள் காலடி வைக்காத இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது. வாசல் பலகையில் 'பொழுதுபோக்கு மண்டபம்' என்று எழுதியிருந்தது. ஐயாமார் அதைக் கிளப் என்றார்கள். தொழிலாளர்கள் தவறணை என்றார்கள். பெண்கள் அதன் பெயரையே சொல்வதில்லை. "அங்கால போயிட்டார்" என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும்.

என் கணவர் அங்கே பார் கீப்பர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அந்த வேலையைப் பார்த்தவர். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். எனக்கும் வாகரைக் கடற்கரையில் அம்மா ஒரு கல்வீடு கட்டித் தந்திருந்தார். ஆனால் கிளப் பின்னேரம் திறந்து இருட்டியபிறகு பூட்டுகிற இடம். அவ்வளவு தூரம் தினமும் போய்வர அவரால் முடியவில்லை. "கொஞ்சக் காலம் குவாட்டர்ஸில இருப்பம். மறுகா உன்ர வீட்ட போயிரலாம்" என்றார். நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு அவரோடு வந்தேன்.

கிளப்பின் கதையை மாமனார் சொல்லித்தான் தெரியும். ஆலையைக் கட்டும்போதே குவாட்டர்ஸையும் கட்டினார்களாம். காட்டையும் வாவிக்கரைக் கண்டல் மரங்களையும் வெட்டிய வெறும் நிலம். கோயில் இல்லை, சேர்ச் இல்லை, கடைத்தெரு இல்லை. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. சம்பளம் கிடைத்ததும் ஆண்கள் தோணி ஏறி வாவிக்கு அப்பால் போய்க் களவாகக் காய்ச்சிய கசிப்பைக் குடித்தார்கள், மறுநாள் மெஷினுக்கு ஆள் இல்லை. குடிக்கிறவன் கண்ணுக்கு முன்னால் குடிக்கட்டும் என்று, அந்தக் காலத்து மனேச்சர் குவாட்டர்ஸின் நடுவிலேயே இதைக் கட்டுவித்தாராம். பள்ளிக்கூடத்துக்கு முதலே கிளப்தான் கட்டி முடிந்தது என்று மாமனார் சிரித்துக்கொண்டு சொல்வார்.

வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்ததாம். ஏதோ குளிர் நாட்டில் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே கட்டுகிற மாதிரி. அதை அப்படியே இங்கே எழுப்பியதால், சுவரில் குளிர்காய ஓர் அடுப்பும் புகைக்கூண்டும்கூட இருந்தன. இந்த வெக்கையில் அதில் யார் நெருப்பு மூட்டுவது? வெறும் போத்தல்களை அதற்குள் அடுக்கினார்கள். இரண்டு வாசல்கள். வாவியைப் பார்த்த வாசல் ஐயாமாருக்கு. உள்ளே பிரம்புக் கதிரையும் காற்றாடியும். ரோட்டுப் பக்க வாசல் தொழிலாளருக்கு. உள்ளே உட்கார நீளச் சீமெந்து வாங்கு. இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்த ஓர் ஒடுக்கமான அறை. அதுதான் பார். என் கணவர் அதற்குள் நின்று ஒரு கையால் அந்தப் பக்கமும் மறு கையால் இந்தப் பக்கமும் கொடுப்பார்.

அந்த அறைக்கு வெளிச்சுவரில் ஒரு சின்ன யன்னல் இருந்தது. வீட்டுக்குப் போத்தல் வாங்கிப் போகிறவர்களுக்காக வைத்தது. ஆனால் அதைப் பாவித்தவர்கள் பெண்கள். சம்பள நாளில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

"எங்கட ஆள் உள்ளுக்க இரிக்காரா?"

"இப்பதான் வெளிக்கிட்டுப் போறார்" என்பார் என் கணவர். உள்ளே வாங்கில் இருக்கிற ஆள் கையை அசைத்து அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பான்.

"ஏன் பொய் சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உண்மையச் சொன்னா நாளைக்கு நான் இஞ்ச நிக்க ஏலாது" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த யன்னலுக்கு அடிக்கடி வந்தவர்களில் ஒருவர். என்னைவிட வயதில் மூத்தவர். நான் புதிதாக வந்தபோது கிணற்றடியில் எனக்கு இடம்பிடித்துத் தந்தவர் அவர்தான். ஒருநாள் பின்னேரம் அவர் யன்னலில் கேட்டுவிட்டு, வழக்கமான பதிலோடு வீட்டுக்குத் திரும்பினார். அன்று அவருடைய புருஷன் கிளப்பிலிருந்து இறங்கி முகம் கழுவ வாவிப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. மறுநாள் காலை தோணிக்காரர்கள் கண்டலுக்குள்ளிருந்து உடலை எடுத்துவந்தார்கள். செத்த வீட்டில் என் கணவர் வெளியே ஓரமாக நின்றார். அக்கா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. எனக்கு முருங்கைக்கீரை முறித்துத் தருவதையும் நிறுத்தவில்லை.

அதன்பிறகு நாட்டில் சண்டை வந்தது. ஆலை நின்று நின்று ஓடி, கடைசியில் நின்றே போனது. வெளியூர் ஆட்கள் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் மட்டும் மிஞ்சினோம். கிளப்பைப் பூட்டினார்கள். எங்கள் குவாட்டர்ஸின் கூரை உள்ளே விழுந்தபோது, ஆலைக் கந்தோரில் இருந்த கடைசி ஐயா என் கணவரைக் கூப்பிட்டு, "நீ குடும்பத்தோட கிளப்பில போய் இரி. கட்டடத்தையும் பார்த்துக்கொள். பொறுப்பெடுக்க ஆள் வரும்" என்றார். அடுத்த மாதமே அந்த ஐயாவும் மாற்றலாகிப் போனார். பொறுப்பெடுக்க ஒருவரும் வரவில்லை.

நான் கிளப்புக்குள் முதல் முதல் நுழைந்தது வாவிப் பக்கத்துப் பின்கதவால், தலையில் பாய்க்கட்டோடு. ஐயாமார் பக்கத்தில் படுத்தோம். குளிர்காய வைத்த அடுப்பில் சோறு காய்ச்சினேன். அதைக் கட்டிய பிறகு அதில் முதன்முதலாக நெருப்பு மூட்டியவள் நான்தான். எங்கள் மகள் கம்பிவலையில் புத்தகப் பையைக் கொழுவிவிட்டு சீமெந்து வாங்கில் இருந்து பாடம் படித்தாள். அவள் எந்தச் சினேகிதியையும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. "எங்க இரிக்கிறீங்க எண்டு கேட்டா என்னத்தச் சொல்லம்மா?" என்பாள்.

"வாகரைக்குப் போவம்" என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன்.

"விட்டுட்டுப் போனா பொறுப்ப விட்டுட்டு ஓடினவன் எண்டு சொல்லுவாங்க" என்பார். அவர் காலையில் எழும்பியதும் பார் மேசையைத் துடைப்பார். தூசிகூட இருக்காது. ஆனாலும் துடைப்பார். பகல் முழுக்க அந்த ஒடுக்கமான அறைக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். வெளியே நின்று பார்த்தால் கூட்டுக்குள் இருக்கிற மாதிரித் தெரியும்.

சுனாமி அன்று என் வாகரை வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு போய்ப் பார்த்தபோது படிக்கட்டு மட்டும் மணலில் நின்றது. பஸ்ஸில் திரும்பிவரும்போது நான் அழவில்லை. ஆனால் கிளப்புக்குள் கால் வைத்ததும், இனி இதுதான் என்று விளங்கியது.

மகள் கல்யாணம் முடித்தாள். அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வீடு இருக்கவில்லை. மாப்பிள்ளைதான் கல்லடியில் வீடு எடுத்து அவளைக் கூட்டிப்போனார். எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. "வாங்கம்மா, இஞ்ச ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்று போனில் கூப்பிடுவாள். நான் அவரைப் பார்ப்பேன். அவர் எழும்பிப் பார் அறைக்குள் போவார்.

இரண்டொரு வருஷத்துக்கு முன் ஒரு முதலாளி காரில் வந்தார். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதைக் குத்தகைக்கு எடுக்கப் போவதாகவும், பழைய தவறணை லைசென்ஸைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருப்பதாகவும் சொன்னார். வாவிக்கரையில் ஹோட்டல்கள் வருகிறதாம், ரோட்டு வேலைக்கு ஆட்கள் வருகிறார்களாம்.

"பழைய ஆள் நீங்கதானே. நீங்களே நில்லுங்க. பின்னால ரெண்டு அறை கட்டித் தாறன்" என்று என் கணவரிடம் சொன்னார்.

அவர் முகம் மலர்ந்து நான் கனகாலத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டேன். உடனே வலையில் துருப்பிடித்த இடங்களைச் சுரண்டத் தொடங்கினார். அவர் இவ்வளவு காலம் காத்திருந்த ஆள் வந்துவிட்டது.

செய்தி குவாட்டர்ஸ் முழுக்கப் பரவியது. ஒருநாள் காலை அக்கா பின்கதவுக்கு வந்தார். அவரோடு இன்னும் நாலைந்து பெண்கள்.

"உண்மையா புள்ள?"

"ஓம் அக்கா."

"என்ர பேரப்பொடியனுக்கு இப்பதான் மீசை அரும்புது. இந்த வாசலால போய்த்தான் அவன் வேலைக்குப் போகவேணும், இந்த வாசலால போய்த்தான் வரவேணும்" என்றார். "லைசென்ஸ் பார்க்க ஆக்கள் வருகிற அண்டைக்கு நாங்க முன்னால வந்து இருக்கப் போறம். உன்ன ஒண்டும் கேக்கல்ல. நீ உள்ளுக்க இரிக்கிறவ. சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தம்."

உள்ளுக்க இரிக்கிறவ. அந்தச் சொல் அன்று முழுக்க என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் சொன்னபடியே வந்தார்கள். ரோட்டுப் பக்க வாசலில், வெயிலில், குடையும் இல்லாமல் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். என் கணவர் நல்ல சட்டை போட்டிருந்தார். "அந்தக் கதவத் திறக்காத" என்று எனக்குச் சொன்னார். அந்தக் கதவு கிளப் பூட்டின நாளிலிருந்து திறக்கப்படாதது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். ஒரு குழந்தை வெயிலுக்குத் தாயின் சேலைத் தலைப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

நான் போய்த் தாழ்ப்பாளைத் தட்டினேன். அது இறுகியிருந்தது. அம்மிக் குழவியைக் கொண்டுவந்து இடித்தேன். அவர் "என்ன செய்யிறாய்? விசரா உனக்கு?" என்று கத்தினார். ஆனால் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவு திறந்ததும், "உள்ளுக்க வாங்க. வெயில்ல இருக்காதீங்க" என்றேன்.

அவர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். எத்தனையோ வருஷமாகத் தங்கள் ஆண்களை விழுங்கின இடம் எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆவலும் பயமும் அவர்கள் முகத்தில் இருந்தன. "இவ்வளவுதானா?" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். வாங்குகளில் இருந்தார்கள். நான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

அக்கா மட்டும் வாங்கில் இருக்கவில்லை. கம்பிவலையைச் சுற்றிப் போய், பார் அறைக்குள் நுழைந்து, அந்தச் சின்ன யன்னலுக்கு முன்னால் நின்றார். உள்பக்கத்திலிருந்து வெளியே பார்த்தார். என் கணவருக்கு விலக இடமில்லை. சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதால பார்த்தா எங்கட முகம் தெரியுமா தம்பி?"

"தெரியாது. வெளிச்சம் முதுகுப் பக்கம். குரல்தான்."

"என்ர குரல் தெரிஞ்சதா?"

"ஓம்."

"அண்டைக்கு அவர் உள்ளதான் இருந்தார்?"

என் கணவர் வலையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் அக்கா. அந்த மூலையில இருந்தார். கையக் காட்டினார். நான் போயிட்டார் எண்டு சொன்னன்."

அக்கா வெளியே வந்து, மற்றப் பெண்களோடு வாங்கில் இருந்தார். அழவுமில்லை, ஏசவுமில்லை.

முதலாளியும் லைசென்ஸ் கந்தோர்க்காரர் இருவரும் வந்தபோது பெண்கள் நிறைந்திருந்தார்கள். முதலாளி சிரித்தார். "பரவாயில்ல, பழைய நிலைமையிலயே இரிக்கு, பாருங்க" என்று சுற்றிக் காட்டினார். கந்தோர்க்காரரில் மூத்தவர் அடுப்பையும், கொடியில் காய்ந்த என் சேலையையும், மூலையில் சுருட்டி வைத்த பாயையும் பார்த்தார். பிறகு என் கணவரிடம் கேட்டார்:

"நீங்க இஞ்ச காவலுக்கு நிக்கிறீங்களா, குடியிருக்கிறீங்களா? குடும்பம் குடியிருக்கிற கட்டடத்துக்கு இந்த லைசென்ஸ் குடுக்க ஏலாது."

"காவல்தான், காவல்தான்" என்றார் முதலாளி.

என் கணவர் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "குடியிருக்கிறம் ஐயா. இது எங்கட வீடு" என்றார்.

இத்தனை வருஷத்தில் கிளப்பை அவர் வாயால் வீடு என்று சொன்னது அதுதான் முதல் தரம். கந்தோர்க்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். முதலாளி கார்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இனி ஒருத்தரும் வரப்போறதில்ல. கல்லடிக்குப் போவமா?" என்று கேட்டேன். அன்றுதான் அவர் முதல் தரமாக மறுக்கவில்லை. "உன்ர விருப்பம்" என்றார். பாயைக் கட்டக்கூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாத புள்ள. நீங்க போனா அது வெறும் கட்டடம். அடுத்த நாளே அந்த ஆள் வந்து திறந்திருவான்."

அவர் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டவரில்லை. "சரி அக்கா" என்றேன். வீட்டுக்கு வந்து, நான் திறந்த அந்தக் கதவுக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். இவ்வளவு காலமும் என் கணவர் போகவிடாமல் இருந்தேன். இப்போது அவர் போகலாம் என்கிறார், நான் போக முடியாது.

மகளின் முதல் பிரசவத்துக்கு நானும் என் கணவரும் கல்லடிக்குப் போனோம். அவருக்கு அங்கே நல்ல நித்திரை. காலையில் கடற்கரைக்குப் போய் வலை இழுக்கிறதைப் பார்த்துவிட்டு வருவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னமே போன் வந்தது. முதலாளி அனுப்பிய இரண்டு பேர் வந்து கிளப்பின் கதவுகளை அளந்துகொண்டு போனார்களாம்.

"நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டார் அக்கா.

மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "போகத்தான் வேணுமா அம்மா?" என்றாள். நான் சேலைகளை மடித்தேன். அவர் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

பஸ்ஸில் யன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. கல்லடிப் பாலத்தடியில் வாவி பளபளவென்று கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் கூட்டியிருந்தது. யாரோ கறி கொண்டுவந்து மூடி வைத்திருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி வலையில் கொழுவினார். நான் அடுப்பை மூட்டினேன்.