மறுத்துப் பேசி வாங்கிய விசைப்பலகை

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் நாற்காலி காலியாக இல்லை. தீர்ப்பு என்றைக்கோ வழங்கப்பட்டுவிட்டது, வழங்கியவள் என் தங்கை. நான் தோற்ற விதத்தை மறைக்காமல் சொல்கிறேனா என்று மட்டும் கவனியுங்கள். நான்கு ஆண்டுகள் கல்லூரிப் பட்டிமன்ற மேடைகளில் நின்றவன் நான். தோல்வியைச் சொல்லும் பயிற்சியை அங்கே யாரும் தருவதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கொடியில் காலையில் போட்ட வெள்ளைச் சட்டை, நிலக்கரித் தூள் படிந்து மாலையில் சாம்பல் நிறச் சட்டையாக இறங்கும். அந்த வீட்டின் ஜன்னலோரத்தில் கணினியை வைத்துக்கொண்டு தங்கை தட்டச்சு செய்தாள். பீச் ஸ்டேஷன் பக்கத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் அலுவலகம் ஒன்று அவளுக்கு ஒரு மாதம் சோதனையாக வேலை கொடுத்திருந்தது. காலையில் கையெழுத்துப் பட்டியல்கள் வரும். அவற்றை அடித்து, நான்கு மணிக்குள் பிளாப்பித் தட்டில் பதிந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாதம் ஒழுங்காக முடிந்தால் அந்த அலுவலகத்திலேயே அவளுக்கென்று ஒரு மேசை. அந்த மேசையைப் பற்றி அவள் பேசியதில்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போட்டுப்போக இரண்டு சுடிதார்களைத் தைத்து, போடாமல் மடித்து வைத்திருந்தாள்.

பட்டியல் முழுவதும் கன்டெய்னர் எண்கள்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஓர் இலக்கம் பிசகினாலும் பெட்டி துறைமுக யார்டைவிட்டு நகராது. எங்கள் விசைப்பலகையோ தேய்ந்து போயிருந்தது. ஏழு எண் விசையை அழுத்தினால் சில சமயம் விழாது, சில சமயம் இரட்டையாக விழும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் இரும்பு மெஷினில் பழகிய விரல்கள் அவளுடையவை; அவை விசையைத் தொடுவதில்லை, அடிக்கும். மாலையானால் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொள்வாள். மூன்றாவது வாரம், அவள் அடித்த எண்ணால் ஒரு பெட்டி நின்றுபோனது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற ஆள பாத்துக்குவோம்மா," என்றார் மேனேஜர்.

புதிய விசைப்பலகை வாங்கும் பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை; வீட்டில் நன்றாகப் பேசத் தெரிந்தவன் நான் என்பதால் நானே எடுத்துக்கொண்டேன்.

"நானும் வர்றேண்ணா. தொட்டுப் பாத்து வாங்கணும்," என்றாள் தங்கை.

"நீ லிஸ்ட்ட முடி. கேக்க வேண்டியத நான் கேட்டுக்கறேன்."

"நீ எங்க கேப்ப? பேசுவ."

யானைக்கவுனியில், புதியதும் பழையதுமாகக் கணினிச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். நாளெல்லாம் டைப் அடிக்கிற தங்கைக்கு வேண்டும் என்றதும், கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் பாரித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். செங்கல்லை வைத்தது போலச் சத்தம் கேட்டது.

"அப்ப இத்த எடுத்துனு போ நைனா. பழ்சுதான், ஆனா கெட்டி. ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா ஸ்பிரிங்கு கீது."

இந்த இடத்தில்தான் என் பயிற்சி எனக்குக் குழி பறித்தது. ஒருவர் ஒரு கருத்தை முன்மொழிந்தால் எதிரணியில் எழுந்து நிற்பது எனக்கு மூச்சு விடுவதைப் போல. நின்றேன். "எடைதான் தரமா? அப்படியானால் அம்மிக்கல்லல்லவா அனைத்திலும் சிறந்தது? விரலுக்கு வேண்டியது மென்மை. நீங்கள் நீட்டுவதோ வன்மை!" என்றேன். ஒயர் வாங்க வந்த இருவர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காக இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன்.

"அய்ய, ஆள வுடு சாமி. எது வேணுமோ அத்த எடுத்துக்கோ," என்று கும்பிட்டார் கடைக்காரர்.

அதை வெற்றி என்று எண்ணி, வெள்ளிநிறத்தில் மெல்லியதாக ஒன்றை வாங்கினேன். பாட்டை நிறுத்த, ஒலியைக் கூட்ட என்று மேல்வரிசையில் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. "பளபளன்னு கீதே!" என்றாள் அம்மா. தங்கை மேல்வரிசையைத் தடவிப் பார்த்தாள்.

இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே கற்றுக்கொடுப்பது, கண் காகிதத்தைவிட்டு அகலக் கூடாது என்பது. அவள் விசைகளைப் பார்ப்பதில்லை; விரல்தான் இடம் அறியும். எழுத்தை அழிக்கும் விசை வழக்கமாக இருக்கும் இடத்தில், நான் வாங்கியதில் கணினியையே அணைக்கும் விசை இருந்தது. சனிக்கிழமை நண்பகல், பிழையாக விழுந்த ஓர் இலக்கத்தை அழிக்க அவள் விரல் அங்கே போனது. திரை இருண்டது. சேமிக்காத மூன்று பக்கங்கள் போயின.

"ரெண்டு நாள் பழகினா சரியாப்பூடும்," என்று தொடங்கினேன். "எந்தப் புதுமையும் முதலில்..."

"அண்ணே." அவள் திரும்பவில்லை, முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தாள். "கடையில நீ ஜெயிச்சிட்ட, ஒத்துக்கறேன். இங்க என் வெரலு கட்டையில குத்துற மாதிரி குத்திக்கினு கீது. கொஞ்சம் சும்மா இரு."

அன்று பிளாப்பி போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். மேனேஜர் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாராம். சோதனை மாதத்தில் இன்னும் நான்கு வேலை நாட்கள் இருந்தன.

மறுநாள் ஞாயிறு. அந்தக் கடை அரை நாள் திறந்திருக்கும். சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவரும் போனோம்.

"வாங்க லீடரு! இன்னிக்கி இன்னா தலைப்பு?" என்றார் கடைக்காரர்.

நான் வாய் திறக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள். "அண்ணன் பேசாதுங்க. எனக்கு ஒரு ஸ்டூலு குடுங்க. நின்னுகினு பாத்தா தெரியாது, உக்காந்துதான் அடிப்பேன்."

அவர் ஒரு ஸ்டூலையும், இரண்டு அட்டைப்பெட்டிகள்மேல் ஒரு பலகையையும் போட்டுக்கொடுத்தார். அவள் விசைகள் கண்ணில் படாதபடி கைக்குட்டையை விரித்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஆறு விசைப்பலகைகளை அடித்துப் பார்த்தாள். ஒன்று அடிக்க அடிக்க நகர்ந்தது, தள்ளினாள். ஒன்றின் எழுத்துகளை நகத்தால் சுரண்டினாள், மை உரிந்து வந்தது, தள்ளினாள். ஒயர் உள்ளே நுழையும் இடத்தை முறுக்கிப் பார்த்தாள். கவிழ்த்துத் தட்டினாள், கடையே தும்மியது. சுண்டுவிரல் மட்டும் எட்டும் விசைகளைத் தனியாக நூறு தடவையாவது அழுத்தியிருப்பாள். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு நேரம் வாய் மூடி நான் இருந்தது அதுவரை தேர்வு அறைகளில் மட்டும்தான்.

கடைக்காரர் முதலில் எனக்குக் காட்டிய அதே செங்கல்லும் வந்தது. அதன் நீளமான இடைவெளி விசையின் ஓரத்தை அழுத்தினாள்.

"மூலையில அமுக்கினா முட்டிக்குதுங்க."

அவரும் அழுத்திப் பார்த்தார். "அட ஆமா! நானே பாக்கலியே இத்த."

அதே வகையில் இன்னொன்று உள்ளே இருந்தது. அதைக் கடையின் கணினியில் மாட்டி, கன்டெய்னர் எண்களாக அடித்தாள். ஒவ்வோர் ஏழும் ஒரு முறைதான் விழுந்தது. கைக்குட்டைக்குள் விரல்கள் வேகம் பிடிப்பதை நான் பார்த்தேன்.

"பாதி தூரத்திலயே டக்குனு சொல்லிடுதுண்ணா. அடி வரைக்கும் குத்தவே வாணாம். கைக்கு நோவே இல்ல."

அதன் பிளக் பழைய காலத்துப் பெரிய உருண்டை. எங்கள் கணினியில் பொருந்த ஒரு சிறிய இணைப்பையும் சேர்த்துக் கொடுத்தார். வெள்ளி நிறத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பாட்டு கேக்கறவன் எவனாச்சும் வருவான், வுடு," என்றார்.

வீட்டில் இன்னொரு சிக்கல். கனமான அந்தப் பலகை உயரமாகவும் இருந்ததால் அவள் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியது. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டோம். கை சரியானது, கால் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் பார்த்தேன். பின்பு அலமாரியிலிருந்து, கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நான் வென்ற மரக் கேடயத்தை இறக்கி, அவள் காலடியில் குப்புற வைத்தேன்.

"அடப்பாவி! பிரைஸ் மேல காலு வெக்கிறாளே!" என்று அம்மா பதறினாள்.

"ஒசரம் கரெக்டா கீதும்மா," என்றாள் தங்கை.

விசைகளின் சடசடப்பைக் கேட்டுக் கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று கத்தினாள்: "இன்னாமே, மேல தையல் மெஷினு போட்டுக்கீறீங்களா?"

எஞ்சிய நான்கு நாட்களும் என் குரலுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவள் அடித்து முடித்ததும் கையெழுத்துப் பட்டியலை நான் ஏற்ற இறக்கமின்றி உரக்கப் படிப்பேன். அவள் திரையில் ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்ப்பாள். கைதட்டல் இல்லாத வாசிப்பு. ஒரு பிழைகூட இல்லை. நான்காம் நாள் மாலை மேனேஜர், "திங்கக்கெழமை ஆபீசுக்கே வந்துடும்மா," என்றார். தன் விசைப்பலகையைக் கொண்டுவரலாமா என்று அவள் கேட்டாள். அவர் சிரித்து, சரியென்று தலையசைத்தாராம்.

திங்கட்கிழமை, மடித்து வைத்திருந்த சுடிதாரில் ஒன்றை உடுத்தி, விசைப்பலகையைத் துண்டில் சுற்றி அணைத்தபடி அவள் படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கி ஸ்பீச் ஒண்ணும் இல்லியா?"

கீழ் வீட்டு அக்காவும் அம்மாவும் கேட்கும்படி, மைக் தேவைப்படாத என் குரலில் சொன்னேன்:

"உன் கை செய்யிற வேலைக்கு இனிமே எத வாங்கினாலும், மொதல்ல உன் கை பேசட்டும். அது பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."